“பக்கத்து பெட் பையனுக்குக் குடுக்கிற மருந்தை எம் பொண்ணுக்கு ஏன் குடுக்கல?”

“ரத்தத்துல கிருமி கலந்துடுச்சு.”

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் பெற்றோர் பலர் கேட்டிருக்கும் வாக்கியம் இது. கேஸ் ஷீட்டில் ‘செப்டிக் ஷாக்’ என்று எழுதப்படுவதைத்தான் மருத்துவர்கள் வீட்டாருக்குப் புரிகிற மாதிரி இப்படிச் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. கிருமி ரத்தத்தில் கலக்காமல், நுரையீரலிலோ வயிற்றிலோ ஒரு புண்ணிலோ மட்டும் இருந்துகொண்டும் ஒரு குழந்தையை இந்த நிலைக்குத் தள்ளிவிடும். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், அந்தச் சண்டையில் நிதானம் இழந்து தன் உறுப்புகளையே சேதப்படுத்திக்கொள்வதுதான் செப்சிஸ். அது முற்றி, ரத்த ஓட்டம் குலைந்து, உறுப்புகளுக்குப் போதுமான ரத்தம் போய்ச் சேராத நிலை செப்டிக் ஷாக்.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பெற்றோர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். “பிழைச்சுக்குமா டாக்டர்?”

திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த ஓர் அம்மாவும் அதைத்தான் கேட்டார். ஆனால், மறுநாள் அவர் இன்னொரு கேள்வியும் கேட்டார். குழந்தைகள் மருத்துவத்தில் பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி அது என்று அவருக்குத் தெரியாது.

முட்டியில் ஒரு சிராய்ப்பு

வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர் அவர். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள், ஆறு வயது. பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் அரைத்துப் பத்துப் போட்டார்கள். நாலு நாள் கழித்து முட்டி வீங்கியது, காய்ச்சல் வந்தது. பாராசிட்டமால் சிரப் கொடுத்தால் இறங்கும், நாலு மணி நேரத்தில் மறுபடி ஏறும்.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆனால், பாப்பா எழுந்து உட்காரவில்லை. செல்போனைக்கூடக் கேட்கவில்லை. சுருண்டு படுத்தே கிடந்தாள்.

முதலில் சந்தேகப்பட்டது அப்பத்தாதான். “ஏத்தா, நெஞ்சு சுடுது, கை காலு மட்டும் ஐஸ் கணக்கா இருக்கே. ராத்திரியில இருந்து இவ ஒண்ணுக்கும் போகல பாத்துக்க” என்றார்.

தெருக்கோடி கிளினிக்கில் இருந்த மருத்துவர் முதலில் பி.பி பார்க்கவில்லை. பாப்பாவின் விரல் நகத்தை அழுத்திப் பிடித்து விட்டார். வெளுத்த நகத்தில் மறுபடி ரத்தம் ஓடிச் சிவக்க, நலமாக இருக்கும் குழந்தைக்கு 2 நொடி போதும். பாப்பாவுக்கு 5 வரை எண்ண வேண்டியிருந்தது. நாடி எண்ண முடியாத வேகத்தில் ஓடியது. கையில் இருந்த ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டுவிட்டு, அவரே 108-க்கு போன் செய்தார்.

குழந்தைகளின் உடலுக்கு ஒரு குணம் உண்டு. இதயத்தை வேகமாக ஓடவிட்டு, கை காலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, பி.பி-யைக் கடைசி வரை தாக்குப் பிடிக்கும். பி.பி இறங்குகிறது என்றால் அந்தக் குழந்தை ஏற்கெனவே வெகுதூரம் போய்விட்டது என்று அர்த்தம். அதனால்தான் சில்லிட்ட கை, கால்கள், சோர்வு, வற்றிப்போன சிறுநீர் ஆகியவை பி.பி எண்ணைவிட முந்திப் பேசுகின்றன.

இரண்டு கட்டில்கள், ஒரே பெயர்

பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பாப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஏழு வயதுப் பையன். கரூர் பக்கம். முதல் நாள் இரவே வந்து சேர்ந்தவன். அவன் கேஸ் ஷீட்டிலும் ‘செப்டிக் ஷாக்’ என்றுதான் எழுதியிருந்தது. அவன் அப்பா எப்போதும் கையில் மஞ்சள் அட்டை போட்ட நோட்டு ஒன்றை வைத்திருந்தார்.

வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குள் சீக்கிரம் பழக்கம் வந்துவிடும். “தம்பிக்கு ஸ்டீராய்டு ஊசி போடுறாங்க தங்கச்சி. அது போட்டா பி.பி தூக்கிரும்னு சொல்றாங்க” என்றார் அவர். பாப்பாவுக்கு அப்படி ஓர் ஊசி போடப்படவில்லை. அட்ரினலின் மட்டும் பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி அந்த அம்மா தூங்கவில்லை. விடிந்ததும் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டுவிட்டார். “அந்தப் பையனுக்கும் இதே சீக்குதானே டாக்டரம்மா? அவனுக்குக் குடுக்கிற மருந்தை எம் பொண்ணுக்கு ஏன் குடுக்கல? வெளியில வாங்கணும்னா சொல்லுங்க, எப்படியாச்சும் பொரட்டித் தர்றோம்.”

அவர் கேட்டது மருந்தைப் பற்றி மட்டுமல்ல. ‘நாங்கள் ஏழை என்பதால் விட்டுவிட்டீர்களா’ என்பதும் அதற்குள் இருந்தது. டாக்டரம்மாவுக்கு அது புரிந்தது. “காசு விஷயமே இல்லம்மா. வியாதியோட பேருதான் ஒண்ணு. ரெண்டு பேரு உடம்புக்குள்ள நடக்கிறது வேற வேற” என்றார்.

அந்தப் பையனுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் வெளியேறி, உடம்பு வீங்கும் சிறுநீரக நோய். எட்டு மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்தான். வெளியிலிருந்து ஸ்டீராய்டு தினமும் வந்துகொண்டே இருந்தால், அதை இயற்கையாகச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். ஆபத்து நேரத்தில் உடம்பு திடீரென்று அதிகம் கேட்டால் அதனால் கொடுக்க முடியாது. வயிற்றில் தேங்கிய நீரில் கிருமித் தொற்று வந்து ஷாக்குக்குப் போன அவனுக்கு, அந்த ஊசி இல்லாத ஒன்றை ஈடுகட்டுவது. பாப்பாவின் சுரப்பிக்கு அப்படிப் பழுது எதுவும் இருக்கக் காரணம் இல்லை.

அடுத்த நாள் விடிகாலையில் அந்தப் பையன் இறந்துபோனான்.

மஞ்சள் அட்டை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவன் அப்பா படிக்கட்டில் உட்கார்ந்திருந்ததை அந்த அம்மா பார்த்தார். பக்கத்தில் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் கொடுத்துவிட்டு வந்தார். அப்போது அவர் மனதில் எழுந்த எண்ணத்தை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. ‘அந்த ஊசிதான் அவனைக் கொன்னுருச்சோ? நல்லவேளை, நம்ம புள்ளைக்குப் போடல.’

முந்தைய நாள் கிடைக்கவில்லையே என்று ஏங்கிய அதே ஊசி. ஒரே நாளில் அது உயிர் காக்கும் மருந்திலிருந்து உயிர் எடுக்கும் மருந்தாக மாறிவிட்டது. இரண்டு எண்ணமும் தவறான முடிவுகள்தான். ஆனால், இரண்டும் அறிவியல் உலகத்துக்கும் வந்த சந்தேகங்கள்.

எல்லோருக்கும் ஒன்றே என்றபோது

ஷாக்கில் வரும் குழந்தைக்கு ரத்தக் குழாய் வழியாக வேகமாக செலைன் ஏற்றுவது என்பது நீண்டகாலமாக முதல் பாடம். கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில், கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இந்தப் பாடம் முதன்முறையாகப் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. கேத்ரின் மைட்லாண்ட் தலைமையில் நடந்த ‘ஃபீஸ்ட்’ என்ற அந்த ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானபோது மருத்துவர்கள் அதிர்ந்துபோனார்கள். வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஏற்றாமல் மெதுவாகக் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் இறந்தவர்கள் 7.3 சதவிகிதம்.

அந்தக் குழந்தைகளில் பலருக்கு மலேரியா இருந்தது, அங்கே வென்டிலேட்டர் வசதி கொண்ட பிரிவுகளும் இல்லை. எனவே அந்த முடிவை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால், ஒன்று உறுதியானது. ஒரு குழந்தைக்கு உதவுவது இன்னொரு குழந்தைக்குக் கெடுதல் செய்யலாம். ‘ஷாக்குக்கு என்ன மருந்து’ என்று கேட்பதற்கு முன்னால், ‘எந்தக் குழந்தைக்கு’ என்று கேட்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பதும் சில நேரம் ஏமாற்றும். கை, கால் சில்லிட்டிருந்தால் இதயம் பலவீனம், சூடாக இருந்தால் ரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கின்றன என்பது பழைய கணக்கு. சென்னை அப்போலோ குழந்தைகள் மருத்துவமனையின் சுசித்ரா ரஞ்சித் குழுவினர் எக்கோ பரிசோதனை, தமனிக்குள் வைத்து அளக்கும் பி.பி இரண்டையும் சேர்த்துப் பார்த்து 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கை சில்லிட்டிருந்த குழந்தைகள் பலரிடமும் ரத்தக் குழாய்கள் தளர்ந்துதான் இருந்தன. தொட்டுப் பார்த்துப் பிரித்த பிரிவு, உள்ளே பார்த்தபோது மாறிவிட்டது.

ஐந்து புரதங்கள் சொல்லும் சேதி

இந்தப் பிரிவுகளை ரத்தத்திலேயே தேட முடியுமா என்று கேட்டவர், அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மறைந்த ஹெக்டர் வோங். தீவிர சிகிச்சை மருத்துவரான அவர், பல மருத்துவமனைகளோடு சேர்ந்து, செப்டிக் ஷாக்கோடு வந்த குழந்தைகளிடம் முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தைச் சேகரித்து வைத்தார். 28 நாளில் யார் பிழைத்தார்கள், யார் இறந்தார்கள் என்பதையும், அந்த முதல் நாள் ரத்தத்தில் என்ன இருந்தது என்பதையும் ஒப்பிட்டார்.

2012-ல் வெளியான அந்தக் கணிப்பு முறைக்கு ‘பெர்சிவியர்’ என்று பெயர். விடாமல் போராடு என்று பொருள். அழற்சியோடு தொடர்புள்ள ஐந்து புரதங்களின் அளவுதான் அதன் அடிப்படை. ஒரு புரதம் குறிப்பிட்ட அளவுக்கு மேலா, கீழா என்று ஒரு கேள்வி. பதிலைப் பொறுத்து அடுத்த புரதம், அடுத்த கேள்வி. மரத்தின் கிளைகளில் இறங்குவதுபோல் இறங்கி, கடைசியில் அந்தக் குழந்தை ஆபத்து குறைந்த கிளையில் இருக்கிறதா, அதிகமான கிளையில் இருக்கிறதா என்று சொல்லும். பின்னர் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையும் இதில் சேர்க்கப்பட்டது.

355 குழந்தைகளின் விவரங்களைச் சேர்த்துச் செப்பனிட்டபோது கிடைத்த எண்களைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. ‘ஆபத்து குறைவு’ என்று சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 99 பேர் பிழைத்தார்கள். ‘ஆபத்து அதிகம்’ என்று சொல்லப்பட்டவர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். அதாவது, அந்தப் பட்டியலிலும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வீடு திரும்பும் பக்கம்தான் இருந்தார்கள்.

ஆபத்து அதிகம் என்ற சொல்லுக்கு, கைவிட வேண்டிய குழந்தை என்று பொருள் இல்லை. கண் எடுக்காமல் பார்க்க வேண்டிய குழந்தை என்று பொருள்.

ஊசியா, ஆபத்தா?

வோங் குழுவினர் இன்னொரு படி இறங்கினார்கள். ரத்த அணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று பார்த்தார்கள். 100 மரபணுக்களை வைத்துக் குழந்தைகளை ‘ஏ’, ‘பி’ என இரண்டு வகையாகப் பிரிக்க முடிந்தது. ‘ஏ’ வகையில் நோய் எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதி மரபணுக்களும், ஸ்டீராய்டு வேலை செய்யத் தேவையான மரபணுக்களும் அடங்கியிருந்தன. அந்த வகையில் இறப்பும் அதிகம். இரண்டு வகைக் குழந்தைகளும் கட்டிலில் ஒரே மாதிரிதான் படுத்திருப்பார்கள்.

2015-ல் வெளியான அந்த ஆய்வில், ‘ஏ’ வகைக் குழந்தைகளில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்தது தெரியவந்தது. வராண்டாவில் அந்த அம்மாவுக்கு வந்த சந்தேகம் இங்கேதான் எழுகிறது. ஸ்டீராய்டு கொடுத்ததால் இறந்தார்களா? அல்லது, பிழைப்பது கடினம் என்ற நிலையில் இருந்ததால்தான் அவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதா? மற்ற மருந்துகளுக்கு பி.பி ஏறாதபோதுதானே பல மருத்துவர்கள் ஸ்டீராய்டைக் கையில் எடுக்கிறார்கள்? பழைய விவரங்களை எத்தனை முறை புரட்டினாலும் இந்த முடிச்சு முழுதாக அவிழாது.

அவிழ்க்க ஒரே வழி, யாருக்கு ஸ்டீராய்டு, யாருக்கு வெறும் மருந்தற்ற ஊசி என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்து, முடிவை ஒப்பிடுவது. ‘ஷிப்ஸ்’ என்ற பன்னாட்டு ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சேர்க்கும் திட்டத்தோடு 2019-ல் தொடங்கியது இதற்காகத்தான். மொத்தத்தில் பலன் உண்டா என்பதோடு, எந்த ஆபத்துப் பிரிவுக்கு, எந்த வகைக்குப் பலன் என்றும் அது கேட்கிறது. பாப்பாவைப் போன்ற குழந்தைகளுக்கான கேள்வி இது. அந்தப் பையனைப் போல், சுரப்பி வேலை செய்யாத குழந்தைக்கு ஸ்டீராய்டு தேவை என்பதில் மருத்துவர்களுக்குள் சண்டை இல்லை.

இடமும் ஒரு பிரிவுதான்

2024 ஜனவரியில் குழந்தைகளின் செப்சிஸுக்கு ‘ஃபீனிக்ஸ்’ என்ற புதிய வரையறை வந்தது. சுவாசம், ரத்த ஓட்டம், ரத்தம் உறைதல், மூளை ஆகிய நான்கின் பாதிப்புக்கு மதிப்பெண் போட்டு, 2 வந்தால் செப்சிஸ். அமெரிக்கா, கொலம்பியா, பங்களாதேஷ், சீனா, கென்யா ஆகிய ஐந்து நாடுகளில் 30 லட்சத்துக்கும் அதிகமான மருத்துவமனை வருகைகளை ஆராய்ந்து உருவாக்கியது. அதே மதிப்பெண் பெற்ற குழந்தைகளில், வசதியான மருத்துவமனைகளில் இறந்தவர்கள் 7.1 சதவிகிதம். வசதி குறைந்த இடங்களில் 28.5 சதவிகிதம்.

புரதத்தையும் மரபணுவையும் அளப்பதற்கு முன்பே, எந்த ஊரில் நோய் வந்தது என்பதே ஒரு குழந்தையின் ஆபத்தை இத்தனை மடங்கு மாற்றிவிடுகிறது. 2017-ல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏறக்குறைய 29 லட்சம் குழந்தைகள் செப்சிஸால் இறந்ததாக ஓர் உலகளாவிய கணக்கெடுப்பு மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்பட்டது புதிய பரிசோதனை அல்ல. நேரத்துக்கு ஓர் ஆன்டிபயாடிக், நகத்தை அழுத்திப் பார்க்கத் தெரிந்த ஒரு கை, ஓர் ஆம்புலன்ஸ்.

நோட்டில் எழுதியவை

பாப்பா ஒன்பதாவது நாள் வார்டுக்கு மாற்றப்பட்டாள். முட்டியில் இருந்த சீழை அறுவை சிகிச்சை செய்து எடுத்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாள் படி ஏறச் சிரமப்பட்டாள், ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்தாள்.

செக்கப்புக்குப் போன ஒரு நாள்தான் அந்த அம்மா டாக்டரம்மாவிடம் அந்தப் பழைய எண்ணத்தைச் சொன்னார். “அந்தத் தம்பியை ஊசிதான் கொன்னுச்சா டாக்டரம்மா?”

“இல்லம்மா. ஊசி போடாம இருந்திருந்தா அன்னிக்கு ராத்திரியே போயிருப்பான்னுதான் நான் நெனைக்கிறேன். அவங்கப்பா வந்து நின்ன உடனே அந்த நோட்டை நீட்டினாரு. எத்தனை மாசமா என்ன மாத்திரைன்னு எல்லாம் அதுல இருந்துச்சு. நாங்க ஒரு நிமிஷம்கூட வீணாக்கல. அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சாரு.”

அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்த அப்பாவிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டார். சொன்னேன் என்றார் டாக்டரம்மா.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு குழந்தை வரும்போது, அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதற்கான முதல் தகவல் பெற்றோரிடமிருந்துதான் வர வேண்டும். ஏற்கெனவே என்ன நோய், தொடர்ந்து என்ன மருந்து, குறிப்பாக ஸ்டீராய்டு உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, போடாமல் விட்ட தடுப்பூசி எது, காய்ச்சல் எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது. பதற்றத்தில் இவை மறந்துபோகும்.

இப்போது தையல் மெஷின் டிராயரில், அளவு குறிக்கும் நோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு 40 பக்க நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் பாப்பாவின் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, எடை. அடுத்த பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. போன மாதம் பாப்பாவுக்குச் சளிக் காய்ச்சல் வந்தபோது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு சிரப் என்று நாலு வரி சேர்ந்திருக்கிறது. எழுதியது அப்பத்தா சொல்ல, பாப்பாவே.